எட்டாவது வினா

1854ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில், அவ்வருஷத்துக் கணித மாணாக்கருள் தலைசிறந்தவர்கள் என்று பெயர்பெற்ற சில இளைஞர்கள் ஸ்மித் பரிசுக்கான பரீட்சை எழுத அமர்ந்தபோது, அவர்களிடம் அளிக்கப்பெற்ற வினாத்தாளின் எட்டாவது வினா, அதுகாறும் எந்தப் புத்தகத்திலும் எந்தச் சஞ்சிகையிலும் அச்சேறியிராத ஒரு தேற்றத்தை நிறுவிக் காட்டுமாறு கேட்டது. அந்த வினாவை இயற்றியவர் அப்போது முப்பத்துநான்கு வயதினரான ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். நியூட்டன் ஒருகாலத்தில் வீற்றிருந்த லூக்காஸியன் கணிதப் பீடத்தை ஐந்தாவது ஆண்டாக வகித்து வந்தவர். விடை எழுத அமர்ந்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்; மற்றொருவர் எட்வர்ட் ஜான் ரௌத். இருவரும் சமமாகத் தேறிப் பரிசைப் பெற்றார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1873இல், மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றிய தம் பெருநூலை வெளியிட்ட மாக்ஸ்வெல், அத்தேற்றத்தை எடுத்தாளும் இடத்தில், இது பேராசிரியர் ஸ்டோக்ஸ் 1854ஆம் வருஷத்து ஸ்மித் பரிசுப் பரீட்சையில் எட்டாவது வினாவாக அளித்தது என்று மறவாமல் குறித்துவைத்தார். தாம் மாணவராக இருந்து சந்தித்த ஒரு கேள்வியைத் தம் வாழ்நாளின் தலையாய நூலில் கேள்வியெண்ணோடு பதிந்துவைத்த அந்தச் செய்கையில் உள்ள குருபக்தியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

அந்தத் தேற்றத்தின் பொருளை நம் நாட்டு வயலைக் கொண்டே விளக்கிவிடலாம். பெரியதொரு நிலப்பரப்பு வரப்புகளால் பல சிறு பாத்திகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாத்தியையும் ஒருவன் இடமிருந்து வலமாக ஒரே முறையில் சுற்றி வருகிறான். சுற்றும்போது காற்று தன்னை எவ்வளவு முன்னோக்கித் தள்ளியது, எவ்வளவு பின்னோக்கித் தடுத்தது என்று கணக்கு வைக்கிறான். இரு பாத்திகளுக்கு நடுவிலுள்ள வரப்பில் அவன் இருமுறை நடக்க நேர்கிறது. ஒருமுறை ஒரு திசையிலும் மறுமுறை அதற்கு எதிர்த்திசையிலும் நடப்பதால், அங்கே காற்றினால் பெற்றதும் இழந்ததும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. உள்வரப்புகள் யாவும் இவ்வாறு தீர்ந்துபோக, எஞ்சுவது வெளிவரப்பு ஒன்றே. ஆகவே நிலத்தின் ஒவ்வொரு பாத்தியிலும் காற்று சுழலும் அளவையெல்லாம் கூட்டினால் வரும் தொகை, வெளிவரப்பை மட்டும் ஒருமுறை சுற்றிவந்தால் வரும் தொகையேயாகும். ஒரு பரப்பின் உள்ளே நடப்பதை அதன் விளிம்பே சொல்லிவிடும் என்னும் இவ்வுண்மை, நீரோட்டத்தையும் மின்னோட்டத்தையும் கணக்கிடுவோருக்கு அன்று முதல் இன்று வரை கைவிளக்காக இருந்து வருகிறது. ஸ்டோக்ஸ் தேற்றம் என்று உலகம் இதை அழைத்தாலும், இதன் முதல் வடிவத்தை 1850ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி ஒரு கடிதத்தின் வாயிலாக அவருக்குத் தெரிவித்தவர் அவருடைய ஆப்த நண்பர் வில்லியம் தாம்ஸன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். நிரூபணத்தோடு இது அச்சில் வந்ததோ 1861இல், ஹாங்கெல் என்னும் ஜெர்மானியர் எழுதிய நூலில். கடிதமாகப் பிறந்து, வினாவாக வளர்ந்து, பிறர் நூலில் குடியேறிய தேற்றம் இது.

ஒரு பேராசிரியர் புத்தம்புதிய உண்மையொன்றைச் சபையில் வாசிக்காமலும் பத்திரிகைக்கு அனுப்பாமலும் பரீட்சைத் தாளில் வைப்பது இக்காலத்தவருக்கு விநோதமாகத் தோன்றக்கூடும். ஆனால் அந்நாளையக் கேம்பிரிட்ஜின் வழக்கங்களை அறிந்தவர்களுக்கு அது இயல்பாகவே படும். அங்கே கணிதம் என்றாலே டிரைபாஸ் என்னும் மகாபரீட்சைதான். 1854ஆம் ஆண்டில் அது எட்டு நாட்கள் நடந்தது. தாள்கள் 16, வினாக்கள் 211, எழுதும் நேரம் மொத்தம் நாற்பத்துநாலரை மணி. தேறியவர்களின் பெயர்கள் மதிப்பெண் வரிசைப்படியே செனட் மாளிகையில் வாசிக்கப்பெறும். முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு ராங்ளர் என்று பெயர். முற்காலத்தில் பரீட்சை வாய்மொழித் தர்க்கமாக நடந்ததனால், வாதிடுவோன் என்னும் பொருளுடைய அந்தச் சொல் நிலைத்துவிட்டது. முதல்வனாக வந்தவன் சீனியர் ராங்ளர். அவன் பெயரை நாடெங்கும் உள்ள பத்திரிகைகள் வெளியிடும். அவனுக்குக் கல்லூரி உறுப்பினர் பதவியும் வாழ்க்கைக்கு ஆதாரமும் கிடைத்துவிடும். கௌரவப் பட்டியலில் கடைசியாக நின்றவனுக்கோ, மாளிகையின் மேல்மாடத்திலிருந்து நண்பர்கள் கயிற்றில் கட்டி இறக்கும் பெரிய மரக்கரண்டி ஒன்று பரிசாகக் கிடைக்கும்.

டிரைபாஸ் முடிந்த சில நாட்களில் நடந்தது ஸ்மித் பரிசுப் பரீட்சை. டிரினிட்டி கல்லூரியின் தலைவராயிருந்து 1768இல் காலமான ராபர்ட் ஸ்மித் என்பவரின் உயிலால் ஏற்பட்ட அப்பரிசு, ஆண்டுதோறும் இருவருக்கு உரியது. டிரைபாஸில் விரைந்து எழுதுகிறவனுக்கே வெற்றி. ஸ்மித் பரிசிலோ ஆழ்ந்து யோசிப்பவனுக்கு இடமுண்டு. அதற்கு வினா இயற்றுவோர் பெரும்பாலும் பீடம் வகித்த பேராசிரியர்களே ஆதலின், அவர்கள் தம் சிந்தனையில் அப்போது ஊறிக்கொண்டிருந்த விஷயங்களையே வினாக்களாக்கினார்கள். சிஷ்யனின் அறிவை அளக்கும் கோலாகவும், குருவின் புதுக்கருத்தை வெளியிடும் வாயிலாகவும் ஒரே தாள் பயன்பட்டது.

இப்பரீட்சைகளுக்கு மாணவரைத் தயாரித்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தனிப்பட்ட முறையில் சம்பளம் பெற்றுக் கற்பித்த ஆசான்கள் அந்நகரில் இருந்தனர். அவர்களுள் கீர்த்தி வாய்ந்தவர் வில்லியம் ஹாப்கின்ஸ். அவர் மணமானவர். கல்லூரி உறுப்பினர் பிரமசாரிகளாகவே இருக்கவேண்டும் என்ற விதி அவரை அப்பதவிக்கு அணுகவொட்டாமல் தடுத்ததனால், அவர் வீட்டிலிருந்து பாடம் சொல்லலானார். 1849ஆம் ஆண்டு வரையில் அவரிடம் பயின்றவர்களில் பதினெழுவர் சீனியர் ராங்ளர்களாக வந்தனர். ஸ்டோக்ஸும், தாம்ஸனும், கேய்லியும், மாக்ஸ்வெல்லும் அவர் கைப்பட்டு உருவானவர்களே. விதி அடைத்த கதவுக்கு வெளியே நின்ற ஒருவரால் இங்கிலாந்தின் கணித பௌதிகம் முழுவதும் செழித்தது. 1845ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாரிஸுக்குப் புறப்படவிருந்த தாம்ஸன், தாம் நெடுநாளாகத் தேடியும் அகப்படாத ஜார்ஜ் கிரீனின் 1828ஆம் வருஷத்துக் கட்டுரையைப் பற்றி ஹாப்கின்ஸிடம் பிரஸ்தாபித்தபோது, அவர் தம் அறையிலிருந்தே பிரதிகளை எடுத்துக் கொடுத்தார். மாவு அரைக்கும் ஆலையொன்றின் உரிமையாளரான கிரீன் செய்த அரும்பணி அந்தப் பிரதிகளின் வழியாகவே ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது. அறிவு ஓர் ஆசானின் கையிலிருந்து மாணவன் கைக்கு இவ்வாறு நேரே சென்ற காலம் அது.

அயர்லாந்தின் மேலைக்கரையை அடுத்த ஸ்கிரீன் என்னும் சிற்றூரில், ஒரு பாதிரியாரின் இல்லத்தில் கடைக்குட்டியாக 1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் தேதி பிறந்த ஸ்டோக்ஸ், 1837இல் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்து, 1841இல் சீனியர் ராங்ளராகவும் ஸ்மித் பரிசில் முதல்வராகவும் தேறினார். 1849இல் லூக்காஸியன் பீடம் காலியானபோது அதற்கு அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பெயர்பெற்ற பீடம்தான், ஆனால் அதற்குரிய ஊதியம் மிகவும் சொற்பம். அதை ஈடுசெய்ய 1850களில் அவர் லண்டனிலுள்ள அரசாங்கச் சுரங்கப் பள்ளியிலும் சென்று பாடம் சொல்லவேண்டியிருந்தது. அப்பீடத்தின் பழக்கமும் உற்சாகந் தருவதாக இருக்கவில்லை. கணிக்கும் இயந்திரத்தால் புகழ்பெற்ற சார்லஸ் பாபேஜ் 1828 முதல் 1839 வரை அதை வகித்தும், லண்டனிலேயே வசித்தபடி, ஒரு பிரசங்கமேனும் மாணவர்க்கு நிகழ்த்தினாரில்லை. ஸ்டோக்ஸோ பதவியேற்றவுடனே, சர்வகலாசாலையைச் சேர்ந்த எவருக்கேனும் கணிதப் படிப்பில் இடர்ப்பாடு நேர்ந்தால் அதைத் தீர்த்துவைப்பதும் தம் உத்தியோகக் கடமையே என்று கருதுவதாக அறிவித்தார். இக்காலத்தில் அது சாதாரணமாகத் தோன்றலாம்; பேராசிரியர் என்பவர் தூரத்தே நின்று வணங்கத்தக்க ஒரு பெயர் என்றிருந்த அந்த நாளில் அது ஒரு புரட்சியே என்பது என் துணிபு. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம், நீர்நிலையியலையும் ஒளியியலையும் பற்றி அவர் ஆண்டுதோறும் பிரசங்கம் செய்துவந்தார்.

அவருடைய ஆராய்ச்சிகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை வெளியுலகில் யாரோ ஒருவர் இடறி நின்ற இடத்தில் தொடங்கியவை என்பது புலனாகும். 1847ஆம் வருஷம் மே மாதம் 24ஆம் தேதி, செஸ்டர் நகருக்கு அருகில் டீ நதியின்மேல் ராபர்ட் ஸ்டீவன்ஸன் அமைத்திருந்த வார்ப்பிரும்புப் பாலம் புகைவண்டி கடக்கும்போது முறிந்து ஐவர் மாண்டனர். நாடு நடுங்கியது. பாலத்தின்மேல் அசையாமல் நிற்கும் பாரத்தைவிட ஓடும் பாரம் அதை அதிகமாக வளைக்குமா என்ற கேள்வி எழுந்தது. அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழுவில் ஒருவரான கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராபர்ட் வில்லிஸ், மாதிரிச் சட்டங்களின்மேல் வண்டியை ஓட்டிச் சோதனைகள் நடத்தி, ஓடும் பாரம் வெகு அதிகமாகவே வளைக்கிறது என்று கண்டு, அதற்குரிய வகையீட்டுச் சமன்பாட்டையும் எழுதினார்; அதைத் தீர்க்கும் மார்க்கம் அகப்படாமல் ஸ்டோக்ஸிடம் கொண்டுவந்தார். பாலத்தின் நீளம், வண்டியின் வேகம், நின்ற பாரத்தால் பாலம் தாழும் அளவு ஆகியவற்றை ஒன்றுசேர்த்த ஒரே எண்ணைப் பொறுத்தே வளைவு கூடுகிறது என்று 1849இல் ஸ்டோக்ஸ் காட்டினார். சிறிய மாதிரியில் கண்ட பெரும் வளைவு நீண்ட மெய்ப்பாலத்தில் ஏன் அவ்வளவாக நேராது என்பது அதனால் விளங்கிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி இரவுப் புயலில் டே நதிப் பாலம் வண்டியோடு நீரில் வீழ்ந்தபோதும் அரசாங்கம் அவரை நாடிற்று. காற்றின் அழுத்தத்தை ஆராய்ந்த குழுவில் அவரும் அமர்ந்தார். இனிப் பாலம் கட்டுவோர் சதுர அடிக்கு 56 ராத்தல் அழுத்தத்தைத் தாங்குமாறு கட்டவேண்டும் என்று 1881இல் அக்குழு விதித்தது.

ஊசலின் கதை இதனினும் நுட்பமானது. பூமியின் ஈர்ப்பை இடத்துக்கு இடம் அளக்க ஊசலைவிடச் சிறந்த கருவி அக்காலத்தில் இல்லை. ஆனால் ஊசல் காற்றில் ஆடுகிறது. காற்று அதைச் சிறிது தடுக்கிறது. அந்தத் தடை எவ்வளவு என்று கணிதத்தால் சொல்லக்கூடியவர் எவருமில்லை. பழைய நீரியக்க நூல்கள், ஓடும் நீரும் காற்றும் தம்முள் உராய்வதில்லை என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டவை. உள் உராய்வைக் கணக்கில் சேர்த்து, பிரான்ஸில் நேவியர் என்பவர் 1820களில் சமன்பாடுகளை இயற்றியிருந்தார். அவர் பணியை அறியாமலே வேறொரு யுக்தியால் 1845இல் ஸ்டோக்ஸும் அதே சமன்பாடுகளை அடைந்தார். அவற்றை ஊசலுக்குப் பிரயோகித்து 1850ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் வாசித்த நீண்ட கட்டுரையில்தான், பாகுநிலை உள்ள திரவத்தில் மெல்ல நகரும் சிறு கோளத்தைத் தடுக்கும் விசை அதன் ஆரத்துக்கும் வேகத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் விதி காணப்படுகிறது. ஊசலுக்காகப் புறப்பட்ட கணக்கு அதே கட்டுரையில் மேகத்தையும் எட்டிவிட்டது. மேகத்திலுள்ள நீர்த்திவலைகள் நம் தலைமேல் உடனே வீழாமல் மிதப்பதுபோல் நிற்பது ஏன் என்ற பழைய ஐயத்துக்கு, அத்தனை நுண்ணிய திவலை காற்றின் உராய்வால் மிகமிக மெதுவாகவே இறங்கும் என்று ஸ்டோக்ஸ் விடையளித்தார். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் மில்லிகன் என்ற அமெரிக்கர் எண்ணெய்த் துளிகள் இறங்கும் வேகத்தைக் கண்டு மின்னணுவின் ஏற்றத்தை அளந்தபோதும் இந்த விதியையே அடிப்படையாகக் கொண்டார். நம் நாட்டிலும் 1865 முதல் நில அளவைத் துறையைச் சேர்ந்த காப்டன் பஸெவி என்பவர், ராயல் ஸொஸைட்டி அனுப்பிய ஊசல்களைத் தென்முனையிலிருந்து இமயம் வரை கொண்டுசென்று ஆட்டி அளந்தார். காற்றின் தொல்லையைக் குறைக்கக் காற்றகற்றிய பெட்டிக்குள்ளேயே அவற்றை ஆடவிட்டார். 1871இல் இமயத்துக்கு அப்பாலுள்ள உயர்ந்த பீடபூமியில், அப்பணியினிடையே உயிர் துறந்தார்.

வானவில்லின் கதை மனிதரையும் காட்டுவது. வானவில்லின் உட்புறத்தில் தோன்றும் மெல்லிய உபவளையங்களின் ஒளியளவைக் கணிக்க, அரசவை வானசாஸ்திரி ஏய்ரி 1838இல் ஒரு தொகையீட்டை அமைத்திருந்தார். அதன் மதிப்பை ஒவ்வோர் எண்ணாக உழைத்துப் பெறவேண்டியிருந்தமையால், அவரால் இரண்டு கரும்பட்டைகளுக்கு மேல் கணக்கிட இயலவில்லை. நீர்த்தாரையினால் உண்டாக்கிய வானவில்லில் மில்லர் என்ற பேராசிரியரோ முப்பது பட்டைகளைக் கண்ணாலேயே அளந்துவிட்டார். கண் முப்பது காண, கணக்கு இரண்டில் நிற்பதா? முடிவின்றி விரிந்துகொண்டே போவதாகையால் பயனற்றதென்று பலரும் ஒதுக்கிய ஒருவகைத் தொடரின் முதற்சில உறுப்புகளை மட்டும் நம்பி, 1850இல் ஸ்டோக்ஸ் ஐம்பது பட்டைகளைக் கணித்துக் காட்டினார். ஆயினும் அத்தொடரின் ஒரு மாறிலி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும்போது மதிப்பு மாறிவிடுகிற மர்மம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஏழாண்டுகள் அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. 1857ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தாம் மணக்கவிருந்த மேரி ராபின்ஸனுக்கு எழுதிய கடிதத்தில், கலியாணத்துக்குப் பின் நீ அனுமதிக்கமாட்டாய் என்பதற்காக இப்போதே இரவு மூன்று மணி வரை கண்விழித்து ஒரு கணிதச் சிக்கலோடு போராடினேன் என்றும், முன்பு நோய்வாய்ப்படும் அளவுக்கு முயன்றும் விட்டுவிட்டதை இப்போது வென்றுவிட்டேன் என்றும் குழந்தையைப்போல் மகிழ்ந்து தெரிவிக்கிறார். அந்த மாறிலி மாறுவது பிழையன்று, அத்தொடரின் இயல்பே என்பது அவர் கண்டது. இன்று கணித உலகம் அதை அவர் பெயராலேயே குறிக்கிறது. மணம் நிகழ்ந்ததும், பிரமசரிய விதிப்படி அவர் பெம்புரோக் உறுப்பினர் பதவியைத் துறந்தார். சட்டம் திருத்தப்பெற்ற பின்னரே அது அவருக்கு மீண்டது.

அவருடைய வகுப்பு எப்படி இருந்தது? கணிதப் பீடத்தில் அமர்ந்தவர் என்றாலும், ஒளியைப் பற்றிப் பேசும்போது கரும்பலகையோடு நிற்கமாட்டார். பரிசோதனை செய்து காட்டுவார். அக்காலக் கேம்பிரிட்ஜில் மாணவருக்கென்று பௌதிகச் சோதனைச்சாலை இல்லை. காவெண்டிஷ் சாலை திறக்கப்பெற்றது 1874இல்தான். ஸ்டோக்ஸின் கருவிகளோ ஜன்னல் கதவின் துவாரம் வழியே வரும் சூரிய கிரணம், சில முப்பட்டைக் கண்ணாடிகள், சில கரைசல்கள் ஆகியவையே. கொய்னா உப்புக் கரைந்த நீரை ஒரு குழாயில் எடுத்து, நிறமாலையின் ஊடே மெல்ல நகர்த்திச் சென்றபோது, கண்ணுக்குப் புலனாகும் ஊதா நிறத்தையும் தாண்டி, ஒன்றுமே இல்லையெனத் தோன்றிய இருளில் அந்நீர் நீலமாக ஒளிர்ந்தது. காணாத ஒளி காணும் ஒளியாக மாறும் அந்த வியப்பை 1852இல் வெளியிட்டு, புளோர்ஸ்பார் என்னும் கனியத்தின் பெயரையொட்டிப் புளோரஸென்ஸ் என்ற பெயரையும் அவரே இட்டார். அவ்வகுப்பில் அமர்ந்திருந்த ஓர் இளைஞர், ரௌத்திடம் பயின்று 1865இல் சீனியர் ராங்ளராக வந்த ஸ்ட்ரட். பின்னாளில் வானம் ஏன் நீலமாயிருக்கிறது என்று விளக்கிய ராலே பிரபு. ஸ்டோக்ஸின் பிரசங்கச் சோதனைகளே தம்மை அவ்வழியில் ஈர்த்தன என்பதை ராலே நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1854 முதல் 1885 வரை முப்பத்தோர் ஆண்டுகள் அவர் ராயல் ஸொஸைட்டியின் காரியதரிசியாக இருந்தார். அதன் பின் ஐந்தாண்டுகள் தலைவராகவும் இருந்தார். அந்த முப்பத்தோராண்டுகளில் அச்சபைக்கு வந்த பௌதிகக் கட்டுரைகள் பெரும்பாலும் அவர் கண்பட்டே வெளியாயின. முதியோர் எழுதியதோ இளைஞர் எழுதியதோ, ஒவ்வொன்றையும் வரிவரியாக வாசித்து, பிழை திருத்தி, வேண்டுமானால் தாமே புதிய நிரூபணமும் எழுதி அனுப்புவார். தாம்ஸனுக்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன. பெரிய அலையின் முகட்டுக் கோணம் 120 பாகையாக இருக்கும் என்று 1880இல் நிறுவிய அவர், கடல் கொந்தளிப்பதாகத் தந்தி வந்தால் பிரைட்டன் கரைக்கு ஓடி, உடையப்போகும் அலையின் வடிவத்தைப் பார்க்கவேண்டும் என்று அறுபத்தொரு வயதில் தாம்ஸனுக்கு எழுதுகிறார். சூரியனின் நிறமாலையில் உள்ள கரிய கோடுகளின் காரணத்தை 1850களின் தொடக்கத்திலேயே அவர் தாம்ஸனிடம் பேச்சுவாக்கில் விளக்கினார். தாம்ஸன் கிளாஸ்கோ மாணவர்களுக்கு அதைப் பாடமாகவும் சொல்லிவந்தார். 1859இல் கிர்ச்சாஃப் அதையே விரிவாகக் கண்டு வெளியிட்டபோது, முன்னரே கண்டவர் ஸ்டோக்ஸ் என்று தாம்ஸன் பல மேடைகளில் வாதித்தும், ஸ்டோக்ஸ் மட்டும் அப்பெருமை தமக்குரியதன்று என்று மறுத்துவிட்டார்.

இந்தக் காரியதரிசிப் பணியில் இத்தகைய ஒரு மேதை தம் காலத்தைச் செலவிட்டது சாஸ்திரத்துக்கு நஷ்டம் என்று அவருடைய நண்பர்களே வருந்தினார்கள். அவர் எழுத எண்ணியிருந்த ஒளியியல் நூல் எழுதப்படவில்லை. தம் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட 1880இல் தொடங்கிய பணியும் அவர் ஆயுளில் மூன்று தொகுதிகளோடு நின்று, எஞ்சிய இரண்டையும் லார்மர் என்பவர் முடிக்கவேண்டியதாயிற்று. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. எனினும் முழு நியாயம் இருப்பதாக என்னால் ஒப்ப முடியவில்லை. வில்லிஸ் இடறியதனால் பாலத்தின் சமன்பாடு தீர்ந்தது. ஏய்ரி நின்றதனால் வானவில்லின் தொடர் பிறந்தது. தாம்ஸன் எழுதியதனால் எட்டாவது வினா எழுந்தது. பிறர் சங்கடத்தைத் தம் சங்கடமாகக் கொள்ளும் இயல்பே அவருடைய ஆராய்ச்சிக்கு ஊற்றாக இருந்தது என்றால், அந்த இயல்பை அடைத்துவிட்டு ஆராய்ச்சியை மட்டும் கேட்பது, கிணற்றை மூடிவிட்டு நீரைக் கேட்பதாகும். கற்பித்தல் வேறு, கண்டறிதல் வேறு என்ற பாகுபாட்டை அவர் அறியவே இல்லை.

அவர் பீடத்தில் அமர்ந்து ஐம்பதாண்டு நிறைந்ததை 1899ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கேம்பிரிட்ஜ் விமரிசையாகக் கொண்டாடியது. அதே ஆண்டின் டிரைபாஸில், புனா நகரின் பெர்குஸன் கல்லூரியிலிருந்து சென்ற ரகுநாத பராஞ்ஜ்பே மற்றொருவரோடு சமமாக நின்று, சீனியர் ராங்ளராக வந்த முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். ராங்ளர் என்னும் சொல் நம்மவர் நாவில் பழகியது அவரால்தான். பத்தாண்டுகள் கழித்து அந்த வரிசைப்படுத்தும் வழக்கமே ஒழிந்தது. 1909இல் கடைசிச் சீனியர் ராங்ளரின் பெயரும் வாசிக்கப்பெற்றது. கடைசி மரக்கரண்டியும் அவ்வாண்டே இறங்கியது. வேகப் பந்தயமாகிவிட்ட பரீட்சை சுத்த கணிதத்தைத் தேய்த்துவிட்டது என்று ஹார்டி போன்ற கணிதர்கள் வன்மையாகக் கண்டித்ததும், அவர்கள் விரும்பியபடி சீர்திருத்தம் நடந்ததும் வேறு கதை. நம் ராமானுஜன் 1914இல் டிரினிட்டியை அடைந்தபோது பழைய டிரைபாஸ் ஒரு நினைவாகியிருந்தது. ஸ்டோக்ஸ் 1902இல் பெம்புரோக் கல்லூரியின் தலைவராகி, அப்பதவியிலேயே 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி மறைந்தார். நேவியரோடு அவர் பெயரையும் தாங்கிய நீரியக்கச் சமன்பாடுகளுக்கு எக்காலத்தும் சீரான தீர்வு உண்டா என்பதை நிறுவுவோருக்கு, 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இன்றுவரை அதைப் பெற்றவர் இல்லை.

தமிழர் ஒருவர் தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. ஒளி ஒரே தளத்தில் அதிருமாயின் அதைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். பலவகை ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து வரும்போது அவற்றின் நிலையை எவ்வாறு எழுதுவது என்ற கேள்விக்கு, நான்கே நான்கு எண்கள் போதும் என்று ஸ்டோக்ஸ் 1852இல் ஒரு கட்டுரையில் காட்டியிருந்தார். ஒன்று ஒளியின் மொத்த அளவைச் சொல்வது. இரண்டு அதிர்வின் திசையைச் சொல்வன. நான்காவது அதிர்வு வலமாகச் சுழல்கிறதா இடமாகச் சுழல்கிறதா என்பதைச் சொல்வது. அக்கட்டுரை நூலகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உறங்கிற்று. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் கேம்பிரிட்ஜ் சென்று, பிறகு அமெரிக்காவில் குடியேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், சூரிய ஒளி காற்று மண்டலத்தில் சிதறித் திரும்பத்திரும்பச் சிதறும்போது அதன் தளவிளைவு என்னாகும் என்று 1940களில் ஆராய்ந்தபோது, தமக்கு வேண்டிய கருவி அந்தப் பழைய ஏட்டில் ஆயத்தமாக இருப்பதைக் கண்டார். 1950இல் வெளிவந்த அவருடைய கதிர்வீச்சு நூலில், தெளிந்த வானத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு தளவிளைவு காணப்படும் என்னும் கணக்கு முழுவதும் அந்த நான்கு எண்களைக் கொண்டே நடக்கிறது. மாக்ஸ்வெல் எட்டாவது வினாவைக் குறித்துவைத்தது போலவே, சந்திரசேகரும் அவற்றை ஸ்டோக்ஸின் பெயராலேயே வழங்கினார். வானத்தின் ஒளியை அளக்கும் விஞ்ஞானிகள் இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறார்கள்.